சேரிப் பெண்ணின் கைக்கு வந்த பணம்: ஒரு நூற்றாண்டுக் கணக்கு



இலக்கிய அமைப்பு நடத்தும் நினைவுச் சொற்பொழிவில் பணத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நம்முடைய கதைகளையும் தன்வரலாறுகளையும் எடுத்துப் பாருங்கள். கடன் வராத பக்கம் குறைவு. கூலிக்கு முன்பணம், கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கியது, ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கைமாற்று, அடகு வைத்த அண்டா. அவற்றை வலியாக எழுதியிருக்கிறோம். வரலாறாக அவ்வளவாக எழுதவில்லை. குறிப்பாக ஒரு பணம் இருக்கிறது: தலித் பெண் வேலை செய்து பிழைக்கட்டும், சொந்தமாகத் தொழில் வைக்கட்டும் என்று சொல்லி அரசும் வங்கியும் தொண்டு நிறுவனமும் கொடுத்த பணம். அந்தப் பணத்தோடு ஒரு பயிற்சியும் வரும். எப்படிச் சேமிப்பது, எப்படிக் கணக்கு எழுதுவது, எப்படித் தொழில் செய்வது என்று. இந்த இரண்டின் வரலாற்றைத்தான் இன்று பேசப்போகிறேன்.

கொடுத்தது போதவில்லை என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. எந்த வடிவத்தில் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். கடனாகவா, மானியமாகவா? மாடாகவா, மண்ணாகவா? அந்தப் பணம் சேரிக்குள் வருவதற்கு முன்னும் வந்த பின்னும் யாருடைய கையைத் தாண்ட வேண்டியிருந்தது?

சென்னை மாகாணத்தில் இந்தக் கதையைப் பஞ்சமி நிலத்திலிருந்து தொடங்குவது வழக்கம். செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை, 1892இல் வந்த அரசாணை இரண்டும் நம் மேடைகளில் பலமுறை பேசப்பட்டவை. அதற்குப் பின்னால் நடந்த இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படவில்லை. 1919-20 வாக்கில் மாகாண அரசு தொழிலாளர் ஆணையர் என்ற பதவியை உருவாக்கி, ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் முன்னேற்றத்தையும் அவரிடம் ஒப்படைத்தது. லேபர் டிபார்ட்மெண்ட் என்று நம் பாட்டன்மார் சொன்ன துறை அதுதான். சேரிகள் பல மிராசுதாரரின் மனையில் இருந்தன. கூலி அதிகம் கேட்டால் குடிசையைக் காலி செய் என்று சொல்லிவிடலாம். எனவே மனையை வாங்கிச் சேரிக்காரருக்குக் கொடுப்பது துறையின் முக்கிய வேலையானது. ஆனால் அந்த மனை இலவசம் இல்லை. கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அதன் வழியே தவணை கட்டி, கிரயத்தை அடைக்க வேண்டும். சிக்கனம் கற்பிப்பதும் குடியை ஒழிப்பதும் அந்தச் சங்கங்களின் வேலையாகவே எண்ணப்பட்டன.

கவனியுங்கள், நூறாண்டுக்கு முன்பே அச்சு வார்ப்பு தயாராகிவிட்டது. பறிக்கப்பட்டதில் ஒரு துண்டைத் திருப்பிக் கொடுப்பதற்கும் தவணை. கூடவே, உனக்குச் சேமிக்கத் தெரியவில்லை, அதனால்தான் நீ ஏழை என்ற பாடம். கூலியைத் தானியமாக அளந்து, அதையும் குறைத்து அளந்த ஊரில் எதைச் சேமிப்பது என்ற கேள்வி அந்தப் பாடத்தில் வராது.

அதே காலத்தில் பம்பாய் மாகாணத்தில் இந்தக் கேள்வியை வேறு விதமாகக் கேட்டார்கள். ஓ.எச்.பி. ஸ்டார்ட் தலைமையிலான குழு 1930இல் அறிக்கை கொடுத்தது. அம்பேத்கர் அதில் உறுப்பினர். தாழ்த்தப்பட்டோர் உரிமை கேட்டவுடன் சாதி இந்துக்கள் என்ன செய்கிறார்கள் என்பதை அந்த அறிக்கை பதிவு செய்தது: குத்தகை நிலத்தைப் பிடுங்குவது, வேலையை நிறுத்துவது, கடையில் சாமான் கொடுக்க மறுப்பது, பாதையை அடைப்பது. சமூக பகிஷ்காரம் என்ற அந்த ஆயுதம் வேலை செய்வதற்குக் காரணம், சேரி தன் பிழைப்புக்கு ஊரை நம்பியிருப்பதுதான். அம்பேத்கர் பின்னாளில் தன் எழுத்துகளில் இதைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டினார். 1947இல் 'ஸ்டேட்ஸ் அண்ட் மைனாரிட்டீஸ்' எழுதியபோது நிலம் அரசுடைமையாக வேண்டும், பட்டியல் சாதியினருக்குத் தனிக் குடியேற்றங்கள் வேண்டும் என்று கேட்டார். கடன் சங்கத்தால் தீராத ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் அவர் அந்த இடத்துக்குப் போனார்.

தஞ்சைக்கு வருவோம். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கேட்டது கூலி உயர்வு. எரித்தது 44 பேரை. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். வெண்மணியைப் பெண்களின் வேலைவாய்ப்பு வரலாற்றில் யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. நடவும் களையெடுப்பும் பெண்களின் வேலை. அவர்கள் கூலியை உயர்த்துவதுதான் அன்றைக்கு இருந்த மிகப் பெரிய 'மகளிர் வருமானத் திட்டம்'. அதற்குப் பிறகு 1969இல் கீழத்தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971இல் குடியிருப்புச் சட்டம் வந்து, பண்ணையாரின் மனையில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு அந்த மனை சொந்தமானது. அரை நூற்றாண்டு முன்பு லேபர் டிபார்ட்மெண்ட் தவணைக்கு விற்ற அதே மனை. இரண்டு சட்டத்துக்கும் பின்னால் இருந்தது செங்கொடிச் சங்கம். சிக்கனப் பாடம் அல்ல.

எழுபதுகளில் வங்கி உள்ளே வருகிறது. 1969இல் வங்கிகள் தேசியமயமானதும், 1972இல் 4 சதவீத வட்டிக்கு டி.ஆர்.ஐ. கடன் அறிமுகமானது, அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் போக வேண்டும் என்பது விதி. 1974இல் அகமதாபாத்தில் சேவா அமைப்பின் பெண்கள் 4,000 பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தங்களுக்கென ஒரு வங்கியைத் தொடங்கினார்கள். சென்னையில் 1978இல் ஜெயா அருணாசலம் உழைக்கும் பெண்கள் மன்றத்தைத் தொடங்கி, தெருவில் காய்கறியும் பூவும் இட்லியும் விற்ற பெண்களுக்கு வங்கிக் கடன் வாங்கித் தந்தார். அந்தப் பெண்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தொழில் ஏற்கெனவே இருந்தது. கோயம்பேட்டுக்கு முன்பு கொத்தவால்சாவடியில் காலையில் கடன் வாங்கி, மாலையில் வட்டியோடு கட்டி, மிச்சத்தில் அரிசி வாங்கிப் போகும் தண்டல் பிடியிலிருந்து வெளியேற முதல் மட்டும் வேண்டியிருந்தது. கடன் உண்மையிலேயே பயன்பட்ட இடம் இது. கடனை ஒட்டுமொத்தமாக எதிர்ப்பது என் நோக்கம் இல்லை. நகரத்தில், வாங்குகிறவர் விற்கிறவளின் தெருவைக் கேட்காத சந்தையில், மலிவான கடன் ஒரு பெண்ணைத் தூக்கிவிடும்.

இதே 1974இல் தமிழ்நாட்டில் தாட்கோ பிறந்தது. ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகம். தீப்பிடிக்காத வீடு கட்டிக்கொடுப்பது அதன் தொடக்க வேலை. வெண்மணிக்கு ஆறு ஆண்டு கழித்து ஒரு அரசு நிறுவனம் 'தீப்பிடிக்காத வீடு' என்ற பெயரில் வேலையைத் தொடங்கியதை நான் எப்போது படித்தாலும் சற்று நின்றுதான் தாண்டுவேன். தொழில் கடனும் மானியமும் அதன் கையில் பின்னால் வந்தவை.

இனி மாட்டுக் கதை. 1978-79இல் தொடங்கி 1980 அக்டோபர் 2 முதல் நாட்டின் எல்லா ஒன்றியங்களுக்கும் விரிந்தது ஐ.ஆர்.டி.பி. என்ற ஒருங்கிணைந்த கிராம வளர்ச்சித் திட்டம். ஒரு சொத்து வாங்க வங்கிக் கடன், அதில் ஒரு பகுதி அரசு மானியம். விவசாயக் கூலிகளுக்கு மூன்றில் ஒரு பங்கு. பழங்குடியினருக்கும் பின்னர் பட்டியல் சாதியினருக்கும் பாதி. பெரும்பாலும் அந்தச் சொத்து கறவை மாடு அல்லது ஆடு. கால்நடை டாக்டர் சான்று, தரகர், வங்கி மேலாளர், ஒன்றிய அலுவலகம் என்று நாலு வாசல் தாண்டி வரும் மாடு. ஒரே மாடு பல பயனாளிகளின் பெயரில் சுற்றிவந்த கதைகளை அந்தக் காலத்து ஆட்கள் இப்போதும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

ஊழலை விடுங்கள். நேர்மையாக வந்த மாட்டுக்கே என்ன ஆனது? நிலம் இல்லாத வீட்டில் மாடு எதைத் தின்னும்? மேய்ச்சல் புறம்போக்கை ஆக்கிரமித்தவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். மிச்சம் இருப்பது வரப்புப் புல். வரப்பு ஆண்டையுடையது. புல் அறுக்க விட்டதற்காக அவர் வீட்டில் ஒருநாள் கூலி இல்லாத வேலை. களத்து வேலைக்குக் கூப்பிட்டால் மறுக்க முடியாது. ஆக, சொந்தத் தொழில் வைக்கக் கொடுத்த மாடு அவளைப் பழைய களத்துக்கே கயிறு போட்டு இழுத்தது. வைக்கோலுக்கும் இதே கணக்கு. அடுத்து, கறந்த பாலை எங்கே ஊற்றுவது? 2006இல் வெளிவந்த 'கிராமப்புற இந்தியாவில் தீண்டாமை' என்ற ஆய்வு, 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் எடுத்த கணக்கு. அதில் ஏறத்தாழ பாதிக் கிராமங்களில் தலித்துகள் கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றத் தடை இருந்தது. மாடு வாங்கக் கடன் கொடுத்த அரசுதான் அந்தச் சங்கங்களையும் நடத்தியது.

பொருளாதார அறிஞர் நீலகண்ட ரத் 1985இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் எழுதிய கட்டுரையில் ஐ.ஆர்.டி.பி.யால் வறுமையை ஒழிக்க முடியுமா என்று கேட்டார். எல்லா ஏழையையும் மாட்டுக்காரராகவும் கடைக்காரராகவும் ஆக்க முடியாது, கூலி வேலைக்கு உத்தரவாதம் கொடுங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். இருபது ஆண்டு கழித்து 2005இல் வேலை உறுதிச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் அந்த வேலை நாட்களில் 80 சதவீதத்துக்கும் மேல் பெண்களுடையவையாக இருந்தன. நூறு நாள் வேலை வந்த பிறகு களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று நிலம் வைத்திருப்பவர்கள் புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள். ஆள் இருந்தது, பழைய கூலிக்கு வர ஆள் இல்லை.

எண்பதுகளின் நடுவே திட்டக்காரர்கள் பெண்ணைத் தனியாகக் கண்டுபிடித்தார்கள். 1982-83இல் டுவாக்ரா: 15, 20 பெண்களைக் குழுவாகச் சேர்த்து 15,000 ரூபாய் சுழல்நிதி. 1983இல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம். 1989இல் ஐஃபாட் என்ற சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் தொடங்கிய பெண்கள் குழுத் திட்டம், சேலம், தென்னார்க்காடு என்று பரவி, 1997-98இல் மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்க வந்தது. 1992இல் நபார்டு குழுக்களை வங்கியோடு இணைக்கும் சோதனையை 500 குழுக்களோடு தொடங்கியது. 1999இல் ஐ.ஆர்.டி.பி., டுவாக்ரா எல்லாம் ஒன்றாகக் கலந்தன. 2011இல் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம்.

சுய உதவிக் குழுவை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். வங்கியின் வாசலைத் தாண்டாத பெண்கள் அதன் வழியே மேலாளர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஊக்குநர், பிரதிநிதி என்று பொறுப்பு வந்தது. கையெழுத்துப் போடக் கற்றவர்கள் தீர்மான நோட்டில் எழுதினார்கள். உள்ளாட்சித் தேர்தலில் நின்ற நம் பெண்கள் பலர் குழுவிலிருந்து வந்தவர்கள். ஆனால் குழு தெரு வாரியாக அமைந்தது. காலனிக்கு ஒரு குழு, ஊருக்கு ஒரு குழு. ஒரே பஞ்சாயத்தில் இரண்டும் இருந்தாலும் சேமிப்பு சேர்ந்து போவதில்லை. கூலிக்காரப் பெண்களின் குழு ஒன்றின் சேமிப்பும் நிலமுள்ள வீட்டுப் பெண்களின் குழு ஒன்றின் சேமிப்பும் சமமாக வளராது. வங்கி சேமிப்பைப் பெருக்கித்தான் கடன் கொடுத்தது. எனவே உள்ளவருக்கு அதிகமும் இல்லாதவருக்குக் குறைவும் விதிப்படியே போய்ச் சேர்ந்தது. யாரும் சாதி பார்க்கவில்லை. பார்க்கத் தேவையே ஏற்படவில்லை.

பயிற்சிக்கு வருகிறேன். குழுப் பெண்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தார்கள்? ஊறுகாய், அப்பளம், மசாலாப் பொடி, மெழுகுவர்த்தி, பினாயில், சோப்புத் தூள், தையல். கூடவே வரவு செலவுக் கணக்கு, சிறுசேமிப்பு, வங்கிக் கடன் பயன்பாடு. இதைத் தயாரித்தவர்கள் ஒரு சேரிப் பெண்ணின் நாளை ஒருமுறை கூர்ந்து பார்த்திருந்தால் கணக்குப் பாடத்தை எடுத்துவிட்டிருப்பார்கள். ஐந்து இடத்தில் கடன், ஐந்துக்கும் வேறு வேறு வட்டி, வேறு வேறு தவணை நாள். எதை முதலில் கட்டினால் மானம் தப்பும், எதைத் தள்ளிப் போடலாம் என்ற கணக்கை அவள் தினமும் மனசிலேயே போடுகிறாள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு இணைந்து தென்னார்க்காட்டுக் கிராமங்களில் நெடுங்காலம் ஆய்வு செய்த இசபெல் கெரென், சந்தோஷ் குமார், ஜி. வெங்கடசுப்ரமணியன் ஆகியோர் 2023இல் வெளியிட்ட ஆங்கில நூல், கடனாளிப் பெண்ணைப் பற்றியது. அதன் மையத்தில் இருப்பவர்கள் தலித் பெண்கள். கடனைத் தேடுவதும் நிர்வகிப்பதும் அடைப்பதும் கூலியற்ற ஓர் உழைப்பு, அது பெண்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று அந்த நூல் நிறுவுகிறது. சமூகவியல் மாணவர்கள் அவசியம் படியுங்கள்.

ஊறுகாய்ப் பயிற்சியின் சிக்கல் வேறு. சேரியில் போட்ட ஊறுகாயை ஊர்த்தெரு வாங்குமா? உணவுப் பொருளில் தீட்டு முதலில் வந்து உட்காரும். இதற்குச் சான்று தேடி எங்கும் போக வேண்டாம். 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டத்தில் அரசுப் பள்ளிச் சத்துணவுச் சமையலராக ஒரு தலித் பெண் வந்தபோது சாதி இந்துக்கள் எதிர்த்தார்கள். அதிகாரிகள் முதலில் அவரையே மாற்றினார்கள். போராட்டத்துக்குப் பின்தான் உத்தரவு திரும்பியது, வன்கொடுமைச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. 2022இல் தொடங்கி 2023 ஆகஸ்டில் விரிவான முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். பயிற்சி பெற்று, அரசே வேலை கொடுத்து, அரசே வாங்கிக்கொள்ளும் உணவு. அங்கேயும் கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் தலித் பெண் சமைத்ததைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர்கள் நின்றார்கள். அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் போய் உட்கார்ந்து சாப்பிட்டுத்தான் அது தீர்ந்தது. அரசுச் சமையலறைக்கே இந்தக் கதி என்றால், காலனியில் கையால் அடைத்த மிளகாய்ப் பொடிப் பாக்கெட்டுக்கு எந்தத் தொழில் முனைவோர் பயிற்சி சந்தை பிடித்துத் தரும்? பினாயிலும் துடைப்பமும் மட்டும் தடையில்லாமல் விற்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குழுவாகக் கூடிக் கடன் அடைக்கும் பழக்கம் உருவான பிறகு தனியார் நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. வாரத்தில் ஒருநாள் காலையில் வசூல், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு. 2010இல் ஆந்திராவில் தற்கொலைகளுக்குப் பிறகு அரசு அவசரச் சட்டம் போட்டது. தொழில் அங்கே படுத்தது, தமிழ்நாட்டில் எழுந்தது. வட்டிக்கு ரிசர்வ் வங்கி வைத்திருந்த உச்சவரம்பு 2022 ஏப்ரலில் எடுக்கப்பட்டது. மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகக் கூடாது என்று அதே விதியில் இருக்கிறது. பாதி போகலாம் என்பதையே ஒரு பாதுகாப்பாக எழுதிவைத்திருக்கும் துணிச்சலைப் பாருங்கள். கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடு 2025இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டிவந்தது.

பெரிய கடன்களின் பக்கம் போனால் படம் இன்னும் தெளிவு. 2016இல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியாவில் ஒவ்வொரு வங்கிக் கிளையும் குறைந்தது ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடியினருக்கும், குறைந்தது ஒரு பெண்ணுக்கும் 10 லட்சம் முதல் ஒரு கோடி வரை கடன் தர வேண்டியிருந்தது. முதல் கட்டத்தைத் தலித் ஆணை வைத்து நிரப்ப முடிந்தது. இரண்டாம் கட்டத்தைச் சாதி இந்துப் பெண்ணை வைத்து நிரப்ப முடிந்தது. ஒரு தலித் பெண்ணைக்கூடச் சேர்க்காமல் இலக்கு நூறு சதவீதம் நிறைவேற முடிந்தது.

சரி, கடன் இல்லாமல் கொடுத்தால் என்ன ஆகும்? இதை உலகின் வேறு இடங்களில் சோதித்திருக்கிறார்கள். வங்காளதேசத்தில் நுண்கடனின் தாய்வீடுகளில் ஒன்றான பிராக், தன் கடன் மிக ஏழைகளைத் தொடவில்லை என்று தானே உணர்ந்து, 2002இல் வேறு திட்டம் தொடங்கியது. பெண்ணுக்கு மாடோ ஆடோ இனாம்; விலங்கு பலன் தரும்வரை கஞ்சிக்குக் கைச்செலவு; வளர்ப்புப் பயிற்சி; வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்ப்பது; ஏறத்தாழ இரண்டு ஆண்டு. வயல் கூலியிலும் வீட்டு வேலையிலும் இருந்த பெண்கள் கால்நடை வளர்ப்புக்கு மாறியதையும் வருமானம் உயர்ந்ததையும் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. இதே வடிவத்தை எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் சோதித்த ஆய்வு 2015இல் சயின்ஸ் இதழில் வந்தது. மொத்தத்தில் பலன் இருந்தது. போர் ஓய்ந்த வடக்கு உகாண்டாவில் ஏழைகளுக்கு, அதிலும் பெரும்பாலும் பெண்களுக்கு, ஏறத்தாழ 150 டாலர் ரொக்கமும் ஐந்து நாள் பயிற்சியும் கொடுத்தபோது சிறு வியாபாரங்கள் பெருகின, வருமானம் ஏறியது. அதே பெண்களுக்கு வீட்டுக்குள் இருந்த அதிகாரத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

நமக்கு அருகில், அன்றைய ஆந்திராவின் மேதக் மாவட்டத்திலும் இந்த வடிவத்தைச் சோதித்தார்கள். அங்கே நிகர பலன் நிற்கவில்லை. ஆய்வாளர்கள் காரணம் தேடினார்கள். அந்த ஆண்டுகளில் அந்தப் பகுதியில் கூலி வேகமாக உயர்ந்திருந்தது; திட்டத்தில் சேராத பெண்களும் கூலியில் அதே அளவு முன்னேறியிருந்தார்கள். இதைத் தோல்வி என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அது வெண்மணியின் கணக்காகவே படுகிறது. கூலி உயர்ந்தால் மாடு தேவைப்படாமலும் போகலாம்.

இந்த ஆய்வுகளிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று உண்டு. இனாமாகக் கொடுத்தால் குடித்து அழித்துவிடுவார்கள் என்று நூறாண்டாகச் சொல்லிவந்தது பொய் என்று அவை காட்டிவிட்டன. எடுத்துக்கொள்ளாதது, சாதி அதிகாரத்தைப் பற்றி அவை சொல்லாமல் விட்டது. மேய்ச்சல் நிலம் யாருடையது, பாலை யார் வாங்குவார் என்பதை ஒரு சோதனைத் திட்டம் மாற்றிக்காட்டப் போவதில்லை.

தமிழ்நாட்டில் ரொக்கமும் பழசுதான். 1989இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவி 5,000 ரூபாய். 2022இல் அது மாறி, அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரி போனால் மாதம் 1,000 தரும் புதுமைப் பெண் திட்டமானது. கல்யாணத்துக்குக் கொடுத்த பணம் படிப்புக்கு மாறியது நல்ல மாற்றம். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதை வேலைவாய்ப்புத் திட்டமாக அரசு பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை, நான் சொல்வேன். உள்ளூர் ஆண்டை கூப்பிடும் கூலிக்கு மாற்றாகப் பத்து மைல் தள்ளி ஒரு வேலையைத் தேடிப்போக வழி செய்தது அது. 2023 செப்டம்பர் 15 முதல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000. உதவித் தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று பெயர் வைத்ததை நான் வரவேற்கிறேன். பெண்ணின் கூலியற்ற வேலையை ஓர் அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த முதல் மாதத்திலேயே சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு, பழைய பாக்கி என்று சொல்லிப் பிடித்துக்கொண்டதாகப் புகார் வந்து, அரசு எச்சரிக்க வேண்டியிருந்தது. உரிமையைக் கடன் எவ்வளவு வேகமாகத் தின்னும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

அதற்குள் இன்னொரு கணக்கு ஒளிந்திருக்கிறது, அது நம்முடையது. மக்கள்தொகை விகிதப்படி தலித்துகளுக்கு என்று ஒதுக்கும் துணைத்திட்ட நிதி 1979-80 முதல் இருக்கிறது. எல்லாப் பெண்களுக்கும் கொடுக்கும் தொகையில் தலித் பெண்களின் பங்கை இந்த நிதியிலிருந்து எடுத்துக் கணக்குக் காட்டும் பழக்கம் பரவிவிட்டது. கர்நாடகத்தில் 2023-24இல் மட்டும் பட்டியல் சாதி, பழங்குடித் துணைத்திட்டத்திலிருந்து 11,000 கோடிக்கும் மேல் தேர்தல் வாக்குறுதித் திட்டங்களுக்குப் போனது. உரிமைத் தொகை தொடர்பாகத் தமிழ்நாடு அரசிடமும் 2023இல் தேசிய பட்டியல் சாதிகள் ஆணையம் விளக்கம் கேட்டது. தலித் பயனாளிகளுக்குத்தானே போகிறது என்பது அரசுகளின் பதில். பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு அந்த ஆயிரம் பொது நிதியிலிருந்து வருகிறது. காலனிப் பெண்ணுக்கு அது அவளுடைய நிலத்துக்கும் விடுதிக்கும் தொழிலுக்கும் வைத்திருந்த நிதியிலிருந்து வருகிறது. கைக்கு வரும்போது இரண்டும் ஒரே ஆயிரம். 2024இல் தமிழ்நாடு இந்த நிதிக்கென ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. அதை மாணவர்கள் பிரிவு பிரிவாகப் படித்து, எந்தத் திட்டம் எதற்குள் வரலாம் என்று கேள்வி எழுப்ப வேண்டும். நிதிப் பயிற்சி என்று ஒன்று நடத்துவதானால் நான் நடத்த விரும்புவது இந்தப் பாடம்தான். வட்டிக் கணக்கு நம் பெண்களுக்குத் தெரியும். பட்ஜெட் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் தங்கள் பணம் இருக்கிறது என்பதை அவர்களிடமிருந்து மறைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, நிலம். கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இருவரும் வெண்மணிக்குப் பிறகு கீழத்தஞ்சைக்குப் போய்த் தங்கி, 1981இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கினார்கள். சர்வோதய வழியோடு நமக்கு முரண்பாடு உண்டு. நிலத்தை விலை கொடுத்து வாங்குவதா என்று அன்றைக்கே தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நடந்ததைப் பார்ப்போம். வங்கிக் கடனும் மானியமும் கொண்டு நிலச் சொந்தக்காரர்களிடமிருந்து நிலத்தை மொத்தமாகப் பேசி வாங்கி, ஆளுக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் வீதம், ஆயிரக்கணக்கான தலித் குடும்பங்களுக்கு, பெண்கள் பெயரில் எழுதினார்கள். பெண் பெயரில் பத்திரம் இருந்தால் அடகுக்கும் விற்பனைக்கும் அவள் கையெழுத்து வேண்டும். சொந்த வரப்பில் புல் இருந்தால் மாட்டுக்கு ஆண்டையைக் கேட்க வேண்டாம். மேலே நான் சொன்ன மாட்டுக் கதையின் முடிச்சு இந்த இடத்தில்தான் அவிழ்கிறது. அங்கேயும் பேரம் பேசியது அமைப்பு. தனி ஒரு பெண் போய்க் கேட்டிருந்தால் அந்த நிலம் அவளுக்கு விலைக்கு வந்திருக்காது.

இந்த வழியை அரசும் எடுத்திருக்கிறது. தாட்கோவின் நிலம் வாங்கும் திட்டம் பல ஆண்டாக இருந்து, 2023இல் நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம் என்று புதுப் பெயர் பெற்றது. நிலமற்ற பட்டியல் சாதி, பழங்குடிப் பெண் நிலம் வாங்கினால் விலையில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் மானியம். மிச்சம் வங்கிக் கடன். முத்திரைத் தீர்வை விலக்கு. நான் இதுவரை பேசிய எல்லாவற்றிலும் வடிவத்தில் மிகச் சரியானது இது. அளவில் மிகச் சிறியது. சில நூறு பெண்கள் என்ற கணக்கில் நிற்கிறது. நெடுஞ்சாலை ஓரத்து நிலவிலைக்கு 5 லட்சம் எம்மாத்திரம் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், விற்கிற ஆளை விண்ணப்பிக்கும் பெண்ணே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் பட்டியல் சாதியினர் அல்லாதவராக இருக்க வேண்டும் என்பது விதி. நம்மவரின் நிலம் நம்மவருக்குள்ளேயே கைமாறாமல் புதிய நிலம் வர வேண்டும் என்பதற்காக வைத்த நல்ல விதி. ஆனால் யாரிடம் நேற்றுவரை களை எடுத்தாளோ அவரிடமே போய், உங்கள் நிலத்தை எனக்கு விற்றுவிடுங்கள் என்று ஒரு பெண் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. லாஃப்டியில் அமைப்பு செய்த வேலையை இங்கே அவள் தலையில் வைத்திருக்கிறார்கள். அரசே நிலத்தை வாங்கி, பிறகு அவள் பெயருக்கு மாற்றிக் கொடுக்கலாம். மனைக்காக நூறாண்டுக்கு முன்பு லேபர் டிபார்ட்மெண்ட் வாங்கியதுபோல. இந்த முறை தவணை இல்லாமல்.

அதுவரை நாம் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது, இங்கே வந்திருக்கும் மாணவத் தோழர்களிடம் அதைக் கொடுத்துவிட்டு உட்காருகிறேன். உங்கள் மாவட்டத் தாட்கோ அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள். இந்தத் திட்டத்தில் வந்த விண்ணப்பங்கள் எத்தனை, நிலம் பதிவானவை எத்தனை, திரும்பியவை எத்தனை, என்ன காரணத்துக்காகத் திரும்பின என்று ஆண்டு வாரியாகக் கேளுங்கள். பிறகு அந்தப் பெண்களின் வீட்டுக்குப் போய், விற்க ஒப்புக்கொண்டவர் எந்தக் கட்டத்தில் பின்வாங்கினார், அதற்கு முன்தினம் அவரிடம் யார் வந்து பேசினார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள். ஆறு மாதம் கழித்து இதே அரங்கில் அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு பேசுவோம்.